தொங்கிப்போன எடிட்டரின் மெமரியிலிருந்து தமிழ் உரையைத் தேடி எடுக்க முடியுமா?

#1 கரிசல்மண், இரவு 9.20

வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். லினக்ஸில் க்யூடி (ஜன்னல், பட்டன் வரையும் நிரல் நூலகம்) வகை எடிட்டர் ஒன்றில் (எது என்பது வேண்டாம்) என் பாட்டியின் பேச்சுப் பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கோப்பு இருந்தது வீட்டு நெட்வொர்க் டிரைவில், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் பகிரும் முறை) மவுண்ட். சேமிக்கக் கொடுத்த நேரம் பார்த்து மின்சாரம் போய், டிரைவுப் பெட்டி அப்படியே படுத்துவிட்டது. திரும்பப் போட்டும் எழவில்லை. அதற்குள் இருக்கும் டிஸ்கே போயிருக்கலாம். மடிக்கணினி பேட்டரியில் ஓடுகிறது, எடிட்டர் ஜன்னல் சாம்பல் நிறமாகி நிற்கிறது. எழுதியது முழுக்க இப்போது அந்த பிராசஸின் மெமரியில் மட்டும்தான் இருக்கிறது. டெர்மினலில் இருந்து பைட்களைத் தேடி அதை எடுக்க வழி உண்டா? பாட்டி இப்போது இல்லை. ஒலிப்பதிவு இருக்கிறது. ஆனால் பாதிச் சொற்களைப் பெரியம்மாவிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

#2 தறி, இரவு 9.31

முடியும். முதலில் இரண்டு காரியம். ‘பதிலளிக்கவில்லை, கட்டாயமாக மூடவா’ என்று ஒரு பெட்டி வந்தால் ‘காத்திரு’ என்பதை மட்டும் அழுத்துங்கள். சார்ஜரைச் செருகுங்கள்.

அப்புறம் ஜிடிபி (ஓடும் நிரலின் உள்ளே பார்க்கும் பிழைதிருத்தி) நிறுவியிருக்கிறதா பாருங்கள். அதோடு ஜிகோர் என்ற சின்னக் கட்டளையும் வரும். எடிட்டரின் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால், பிராசஸைக் கொல்லாமலேயே அதன் மெமரியை ஒரு கோர் கோப்பாக எழுதித் தரும். உள்ளூர் டிஸ்கில் எழுதச் சொல்லுங்கள். செத்துப்போன மவுண்ட் பக்கமே போக வேண்டாம். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க டிஎஃப் தட்டாதீர்கள், அது எல்லா மவுண்ட்டையும் விசாரிக்கப் போய்த் தானும் தொங்கிவிடும். டிஎஃப் வேண்டுமானால் உள்ளூர்ப் பாதையை மட்டும் கொடுங்கள்.

நம் மன்ற வழக்கப்படி கட்டளைகளையும் ஹெக்ஸ் (16 அடிமான) எண்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஏ முதல் எஃப் வரை ஹெக்ஸ் எழுத்துகள்.

#3 கரிசல்மண், இரவு 9.48

நன்றி அண்ணா. ஜிகோர் முதலில் ‘பிட்ரேஸ் அனுமதி இல்லை’ என்றது. சூடோ போட்டு ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டினேன். இப்போது எதுவும் சொல்லாமல் நிற்கிறது. கோர் கோப்பும் வரவில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் எடிட்டரும் செத்துவிடுமா?

#4 வெண்ணிலா_க, இரவு 10.02

சாகாது. ஜிகோரை நிறுத்திவிடுங்கள், அடங்காவிட்டால் இன்னொரு டெர்மினலில் இருந்து அந்த ஜிடிபியை மட்டும் கில் செய்யுங்கள். ஜிடிபி தானே தொடங்கிவைத்த பிராசஸ்தான் அதோடு சேர்ந்து போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதில் போய் இணைந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

முதல் பிழைக்குக் காரணம் யாமா. லினக்ஸின் கருவான கர்னலில், 3.4 பதிப்பில் சேர்ந்த பாதுகாப்பு அடுக்கு அது. உபுண்டுவில் பிட்ரேஸ் ஸ்கோப் என்ற அமைப்பு 1-இல் இருக்கும். அதாவது ஒரு பிராசஸ் தன் பிள்ளை பிராசஸ்களின் மெமரியைத்தான் எட்டிப் பார்க்கலாம், பக்கத்து வீட்டைப் பார்க்க ரூட் வேண்டும். உங்கள் கணினி, உங்கள் கோப்பு. சூடோ சரிதான்.

இரண்டாவது சிக்கல் வேறு. பிஎஸ் கட்டளையில் எடிட்டரின் நிலையைப் பாருங்கள், ‘டி’ (ஏ, பி, சி, டி-யின் டி) என்று இருக்கும். என்எஃப்எஸ் பதிலுக்காகக் கர்னலுக்குள் உறங்குகிறது. ஜிடிபி எந்த பிராசஸையும் படிக்கும் முன் அதை நிறுத்திப் பிடிக்கப் பார்க்கும், அந்த உறக்கத்தில் இருப்பது நிறுத்தும் சிக்னலைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் ஜிகோர் காத்துக்கொண்டே நிற்கிறது. ‘டி நிலையில் இருப்பதைக் கொல்லவே முடியாது’ என்று பலர் சொல்வார்கள், அதை நம்பிக் கட்டாயமாக மூடும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். என்எஃப்எஸ் காத்திருப்பு 2.6.25 காலத்திலிருந்தே கொல்லக்கூடிய வகை. கில் -9 போனால் உரையோடு சேர்ந்து எல்லாம் போய்விடும்.

நமக்கு நிறுத்திப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ப்ராக் அடைவுக்குள் அந்த பிராசஸ் எண்ணில் இரண்டு கோப்புகள் உண்டு. ‘மேப்ஸ்’ என்பதில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரி வரை என்ன இருக்கிறது என்ற பட்டியல். ‘மெம்’ என்பது மெமரியே தான், கோப்பு மாதிரித் திறந்து, முகவரிக்கு நகர்ந்து, படிக்கலாம். அனுமதி இருந்தால் போதும், இணைய வேண்டியதில்லை.

மேப்ஸில் ஒரு வரி இப்படி இருக்கும்: 558120034000-558120412000, பக்கத்தில் ஆர்டபிள்யூ-பி, வரிக் கடைசியில் ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்). கிட்டத்தட்ட 4 எம்பி, படிக்கலாம், எழுதலாம், இந்த பிராசஸுக்கு மட்டும் சொந்தம். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி போதும். மேப்ஸை வரி வரியாகப் படியுங்கள். அனுமதி ‘ஆர்’ என்று தொடங்காததைத் தள்ளுங்கள். விவார், விசிஸ்கால் என்று முடியும் வரிகளையும் (கர்னல் தன் வேலைக்கு வைப்பவை) தள்ளுங்கள். விவாரைப் படித்தால் உள்ளீட்டுப் பிழை வரும். விசிஸ்கால் முகவரி அவ்வளவு பெரிது, பைத்தானின் சீக் அங்கே போகவே முடியாமல் ஓவர்ஃப்ளோ என்று விழும். மீதி ஒவ்வொரு துண்டையும் படித்து, ரெஜெக்ஸால் (தேடல் வடிவம் எழுதும் முறை) பைட்களைத் தேடி, கிடைத்த முகவரியையும் அக்கம்பக்கத்தையும் உள்ளூர்க் கோப்பில் எழுதுங்கள்.

#5 பழையகணினி, இரவு 10.15

தம்பிக்கு நேரடி உதவி இல்லை இது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டளை வரியில் மெமரியைத் தேடுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. டிம் பேட்டர்சன் 1980-இல் 86-டாஸுக்கு (எம்எஸ்-டாஸின் முன்னோடி) எழுதிய டீபக் நிரலிலேயே எஸ் என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை உண்டு. எங்கிருந்து, எவ்வளவு தூரம், என்ன பைட்கள், அவ்வளவுதான். 64 கேபி செக்மென்ட்டுக்குள் தேடித் தரும். எஃப்000:எஃப்எஃப்எஃப்5 என்ற இடத்தில் டி கட்டளை கொடுத்தால் கணினியை எழுப்பும் பயாஸ் நிரல் வெளியான தேதி எட்டு எழுத்தாகத் தெரியும். முதல் ஐபிஎம் பிசியில் அது 04/24/81.

இன்றைய கணினியும் இதைச் செய்கிறது. பயாஸ் வழியாகத் தொடங்கும்போது கர்னல் ஏசிபிஐ (வன்பொருள், மின்சார மேலாண்மை விவரம்) அட்டவணையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நினைக்கிறீர்கள்? ஈ0000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் வரை, 16 பைட்டுக்கு ஒருமுறை நின்று, ‘ஆர்எஸ்டி பிடிஆர்’ என்ற எட்டு எழுத்தைத் தேடுகிறது. நடுவிலும் கடைசியிலும் வரும் இடைவெளியும் அந்த எட்டில் சேர்த்தி. கிடைத்ததும் நம்பிவிடாது. அங்கிருந்து 20 பைட்டைக் கூட்டிக் கடைசி பைட் பூஜ்யமாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்கும். நாம் தேடும்போதும் இந்த ஒழுங்கு வேண்டும். பைட் பொருந்தியது என்பதற்காக அது நாம் தேடிய பொருள் என்று ஆகிவிடாது.

#6 கரிசல்மண், இரவு 10.52

வெண்ணிலா அக்கா, ஸ்கிரிப்ட் ஓடுகிறது! பிஎஸ்ஸில் ‘டி’ என்றுதான் இருக்கிறது. ஆனால் கிடைப்பது வேறு மாதிரி இருக்கிறது. ‘அக்கா’ என்ற சொல் உரை முழுக்க வரும், அதனால் அதைத் தேடினேன். பைத்தானில் சொல்லைக் கொடுத்து யூடிஎஃப்-8 (எழுத்தை பைட்டாக்கும் ஒரு முறை) ஆக்கித் தேடல். சில இடங்கள் கிடைத்தன. எல்லாம் கோப்பை இன்று திறந்தபோது இருந்த பழைய உரையின் கிழிசல்கள், பாதியில் அறுந்து குப்பை பைட்களாக முடிகின்றன. அதற்குப் பிறகு தட்டிய ஒரு வரிகூட இல்லை. போய்விட்டதா?

#7 வெண்ணிலா_க, இரவு 11.08

போகவில்லை. நீங்கள் தேடிய உருவத்தில் அது இல்லை, அவ்வளவுதான். கோப்பில் யூடிஎஃப்-8 ஆக இருப்பது க்யூடிக்குள் யூடிஎஃப்-16 என்ற வேறு முறையில் இருக்கும். டிஸ்கிலிருந்து படித்த பைட்கள் மாற்றம் முடிந்ததும் விடுவிக்கப்பட்டு, அந்த இடத்தில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தீர்கள். புதிதாகத் தட்டியது யூடிஎஃப்-8 ஆக ஒருபோதும் இருந்ததில்லை. சேமிப்பு முடிந்திருந்தால்தான் இருந்திருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘அக்கா’ என்பது கணினிக்கு ஐந்து குறியீடு: அ, க, புள்ளி, க, துணைக்கால்.

யூடிஎஃப்-8: ஈ0 ஏஈ 85, ஈ0 ஏஈ 95, ஈ0 ஏஎஃப் 8டி, ஈ0 ஏஈ 95, ஈ0 ஏஈ பிஈ. பதினைந்து பைட்.

யூடிஎஃப்-16, இன்டெல் வகைச் சில்லில்: 85 0பி, 95 0பி, சிடி 0பி, 95 0பி, பிஈ 0பி. பத்து பைட்.

இரண்டாவதில் ஒன்று கண்ணில் படுகிறதா? யூனிகோடில் தமிழின் இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. சிறிய பைட் முதலில் வரும் சில்லில், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் இரண்டாவது பைட் 0பி. ஒன்றுவிட்டு ஒன்றாக 0பி, 0பி, 0பி என்று நூல் பிடித்தது போல ஓடும். ஆகவே எந்தச் சொல்லையும் தேட வேண்டாம், தமிழையே தேடலாம். ரெஜெக்ஸில் ‘80 முதல் எஃப்எஃப் வரை ஒரு பைட், அடுத்து 0பி’ என்ற ஜோடியை எழுதி, அது ஆறு முறையாவது தொடர வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு தரவில் தற்செயலாக இப்படி ஆறு ஜோடி அமைவது அபூர்வம். விசைப்பலகை அட்டவணை, எழுத்துரு மாதிரியானவற்றில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகக் கிடைத்தால் அதைத் தள்ளிவிடுங்கள்.

இதற்கு ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை நம்ப வேண்டாம். 16 பிட் எழுத்துக்கு அதில் -ஈ எல் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் 255-க்கு மேற்பட்ட எழுத்தை எழுத்தாகவே அது எண்ணாது. தமிழ் இருக்கும் இடம் அதற்கு வெற்றிடம்.

#8 தறி, இரவு 11.14

நல்ல யோசனை. சொல்லைத் தேடுவதில் தமிழுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது, அதையும் இந்த வழி தாண்டிவிடும். ‘கொ’ என்பதை க-வோடு 0பிசிஏ என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், க-வோடு 0பிசி6, 0பிபிஈ என்று ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. பைட்டாகத் தேடும் கருவிக்கு அவை வேறு வேறு. ‘கொடு’ என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் கொடு இல்லை என்று அர்த்தமில்லை.

#9 தென்றல்வழி, இரவு 11.20

இதே சிக்கல் விண்டோஸில் வந்தால் என்ன செய்வது என்று யாராவது பின்னால் தேடி வரக்கூடும், அதனால் எழுதிவைக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கம் போய், பிராசஸ் மேல் வலது கிளிக் செய்து டம்ப் கோப்பு உருவாக்கச் சொல்லுங்கள். தொங்கிய ஜன்னலுக்கும் வேலை செய்யும். அந்த டம்பை வின்டிபக் என்ற பிழைதிருத்தியில் திறந்து எஸ் -டபிள்யூ என்று கொடுத்து 0பி85 0பி95 0பிசிடி என யூனிகோடு எண்ணையே தட்டலாம், பைட்டைத் திருப்பிப்போடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எஸ் -பி என்றால் நீங்களே திருப்பிப்போட வேண்டும். தேடும் பரப்பு 256 எம்பியைத் தாண்டினால் ஏற்காது. நீளத்தைக் குறிக்கும் எல்-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் அந்த வரம்பு விலகும். பலர் இதில் மாட்டிக்கொண்டு ‘கட்டளையே வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

#10 கரிசல்மண், இரவு 11.41

அக்கா, வருகிறது! பெரியம்மா சொல்லிக்கொடுத்த சொற்கள் எல்லாம் திரையில் ஓடுகின்றன. இரண்டு குறை. நேரம் மிச்சமாகட்டும் என்று ஹீப் என்று குறித்த துண்டை மட்டும் தேடினேன். அதில் சின்னச் சின்ன வரிகள்தான், நீளமாக ஒன்றும் இல்லை. அப்புறம், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வருகிறது, இடைவெளியில் அறுந்துவிடுகிறது.

#11 வெண்ணிலா_க, நள்ளிரவு 12.05

ஹீப் என்ற பெயர் ஏமாற்றும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில், மெமரி வழங்கும் மேலாக்கிடம் பெரிய இடம் கேட்டால் அதை ஹீப்பில் தருவதில்லை. 128 கேபிக்கு மேல் என்றால் தொடக்க நிலையில் கர்னலிடம் தனித் துண்டாக வாங்கி (எம்மேப்) கொடுக்கும். மேப்ஸில் அந்த வரிக்குப் பெயரே இருக்காது. ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், 70,000 எழுத்தைத் தாண்டிய உரை அந்த எல்லைக்கு மேலே போய்விடும். த்ரெட்கள் (பிராசஸுக்குள் இணையாக ஓடுபவை) வாங்கும் இடமும் பெயரில்லாத வரிகளில்தான் இருக்கும். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், படிக்கவும் எழுதவும் அனுமதி உள்ள எல்லாவற்றையும் தேடுங்கள்.

அறுவதற்குக் காரணம், இடைவெளி தமிழ் எல்லையில் இல்லை. யூடிஎஃப்-16-இல் அது 20 00. ஜோடியின் வகைகளை மூன்றாக்குங்கள்.

ஒன்று, பழையபடி 80 முதல் எஃப்எஃப் வரை, பிறகு 0பி.

இரண்டு, 20 முதல் 7ஈ வரை, பிறகு 00. இடைவெளி, எண், நிறுத்தக்குறி, ஆங்கில எழுத்து எல்லாம் இதில் வந்துவிடும்.

மூன்று, 0பி முதல் 2எஃப் வரை, பிறகு 20. இது ஏன் என்றால், க்யூடியின் உரை ஆவணம் பத்தி முடிவில் சாதாரண வரிமுறிவை வைக்காது. 2029 என்ற பத்திப்பிரிப்பானை வைக்கும், மெமரியில் 29 20. இதை விட்டால் ஒவ்வொரு பத்தியிலும் உரை அறுந்து தனித்தனியாகக் கிடக்கும். வளைந்த மேற்கோள்குறிகளும் இதே எல்லையில்தான். க்ஷ-வை ஒட்டாமல் க், ஷ என்று பிரித்துக் காட்டச் சிலர் நடுவில் போடும் கண்ணுக்குத் தெரியாத 200சி-யும் இங்கேதான்.

தொடக்கம் மட்டும் தமிழ் ஜோடி ஆறு என்று இருக்கட்டும், தொடர்ச்சி இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இல்லையென்றால் ஆங்கில மெனுச் சொற்கள் எல்லாம் வந்து குவியும். கிடைத்தவற்றை நீளப்படி அடுக்குங்கள். உரை வளர வளர அந்த இடம் போதாமல் புது இடத்துக்கு நகர்ந்திருக்கும், பழைய இடங்களில் குட்டைப் பிரதிகள் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது ஆக நீளமானது.

#12 மாணவன்_வே, நள்ளிரவு 12.12

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பாடத்தில் ஜிடிபி இருக்கிறது. அதில் ஃபைன்ட் என்றே ஒரு கட்டளை இருக்கிறதே, இவ்வளவு சுற்ற வேண்டுமா?

#13 தறி, நள்ளிரவு 12.30

இந்த வழக்கில் ஜிடிபி இணையவே முடியவில்லை, அதனால் பேச்சில்லை தம்பி. மற்றபடி நல்ல கட்டளைதான், 7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும், தெரிந்துகொள்.

ஒன்று, இரட்டை மேற்கோளில் சொல்லைக் கொடுத்தால், சி மொழி வழக்கப்படி கடைசியில் வரும் பூஜ்ய பைட்டையும் சேர்த்துத் தேடும். ‘ஹலோ-ஹலோ’ என்று ஆங்கிலத்தில் ஒரு மாறியில் இருக்கிறது என்று வை. ‘ஹலோ’ என்று இரட்டை மேற்கோளில் தேடினால் இரண்டாவது மட்டும் கிடைக்கும். முதல் ஹலோவுக்குப் பிறகு பூஜ்யம் இல்லை, கோடு இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் ஒற்றை மேற்கோளில் தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் வரும். ஒரு பெரிய உரையின் நடுவில் இருக்கும் சொல்லைத் தேடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய கண்கட்டு என்று யோசி.

இரண்டு, அளவு சொல்லாமல் 42 என்று ஹெக்ஸில் கொடுத்தால் ஒரு பைட்டைத் தேடாது, நான்கு பைட் இன்ட்டைத் தேடும். பைட் வேண்டுமென்றால் சாய்கோடு பி போட வேண்டும்.

மூன்று, தேடும் வழியில் படிக்க முடியாத பக்கம் ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடும். தாண்டிப் போகாது. ஆகவே எப்படியும் மேப்ஸைப் பார்த்துத் துண்டு துண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

ராடாரே2 என்ற கருவியில் சாய்கோடு எக்ஸ் என்ற தேடல் இதைவிட இலகு. தெரியாத பைட்டுக்குப் புள்ளி போடலாம். அந்தத் திட்டமே 2006-இல் டிஸ்கில் தொலைந்த தரவைத் தேட ஒரு ஹெக்ஸ் கருவியாகத்தான் தொடங்கியது.

#14 மாணவன்_வே, நள்ளிரவு 12.38

புள்ளி எதற்கு அண்ணா? தேடுவது என்ன என்று தெரிந்துதானே தேடுகிறோம்?

#15 தறி, நள்ளிரவு 12.55

உரைக்குத் தேவைப்படாது. இயங்கும் நிரல் பைட்களைத் தேடும்போது தேவைப்படும். எக்ஸ்86-இல் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை ஈ8 என்று தொடங்கி அடுத்த நான்கு பைட்டில் ‘இங்கிருந்து எவ்வளவு தூரம்’ என்பதை வைத்திருக்கும். அடுத்த பதிப்பில் நிரல் கொஞ்சம் நகர்ந்தால் அந்த நான்கும் மாறிவிடும், சுற்றியுள்ளவை அப்படியே இருக்கும். ஈ8-ஐ வைத்துக்கொண்டு நான்கையும் வெற்றாக விடுவதுதான் வழி. வைரஸ் ஆய்வுக்காரர்கள் யாரா என்ற தேடல் கருவியில் எழுதும் விதிகளில் இரட்டைக் கேள்விக்குறியாக வருவது இதுதான். யாராவுக்குக் கோப்புப் பெயருக்குப் பதில் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் ஓடும் மெமரியையே தேடும்.

யாராவில் தமிழைத் தேட நினைப்பவர்களுக்கு ஒன்று: ‘வைட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் யூடிஎஃப்-16 ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். அது எழுத்துக்கு நடுவில் பூஜ்யத்தைச் செருகுவதோடு சரி, ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும். தமிழுக்கு 0பி வேண்டும். ஹெக்ஸ் வடிவில் நாமே எழுத வேண்டும்.

#16 ஊர்க்குருவி, நள்ளிரவு 1.04

படிக்கப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி எல்லாவற்றையும் தேடி எடுக்கலாம் என்றால் என் பாஸ்வேர்டையும் எடுக்கலாம்தானே? இதைப் பொதுவில் எழுதுவது சரியா?

#17 வெண்ணிலா_க, நள்ளிரவு 1.25

எடுக்கலாம், கணினியில் ரூட் அனுமதி பெற்றவரால். அப்படிப்பட்டவர் நீங்கள் விசையைத் தட்டும்போதே பார்த்துவிட முடியும், மெமரியைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சாதாரணப் பயனராக ஓடும் நிரலைத் தடுக்கத்தான் யாமா. அதை 0 ஆக்கிவிட்டு மறந்துபோகாதீர்கள் என்பதே இதில் நான் வலியுறுத்திச் சொல்வது.

இதை மறைத்துவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு வரவில்லை. 1999-இலேயே மறையாக்க ஆய்வாளர்கள் ஷமீரும் வான் சோமரனும் மறைவிசை பைட்கள் சுற்றியுள்ளவற்றைவிட ஒழுங்கற்றிருப்பதால் பெரிய தரவுக்குள்ளும் தனியாகத் தெரியும் என்று எழுதிவிட்டார்கள். 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் கணினியை அணைத்த பிறகும் ராம் சில்லில் தரவு சில நொடி முதல் சில நிமிடம் வரை தங்குவதைக் காட்டி, அதிலிருந்து டிஸ்க் பூட்டின் விசையைத் தேடி எடுத்தார்கள். விசை என்ன என்று தெரியாமலே எப்படித் தேடினார்கள் தெரியுமா? ஏஈஎஸ் என்ற மறையாக்க முறையின் 128 பிட் விசையை நிரல்கள் 176 பைட்டாக விரித்து மெமரியில் வைத்திருக்கும். முதல் 16 பைட்டிலிருந்து மீதி 160-உம் கணக்குப் போட்டால் வந்துவிடும். எந்த இடத்தில் அந்தக் கணக்கு ஒத்துப்போகிறதோ அது விசை. பழையகணினி ஐயா சொன்ன ஏசிபிஐ சரிபார்ப்பின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். இதெல்லாம் வெளியே வந்ததால்தான் வேலை முடிந்ததும் விசையை அழிப்பது, அணைத்த பிறகு மிஞ்சாமல் பார்ப்பது என்று நிரலாளர்கள் கவலைப்படத் தொடங்கினார்கள். பொதுவில் எழுத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தன் மெமரியில் இருப்பதைத் தானே படிக்கத் தெரியாமல் ஒருவர் தன் எழுத்தை இழப்பது கொடுமை.

#18 கரிசல்மண், நள்ளிரவு 1.50

கிடைத்துவிட்டது!! பெயரில்லாத ஒரு துண்டில், முழுதாக, பத்திகளோடு. அதைவிடக் குட்டையான பிரதிகளும் நீங்கள் சொன்னபடியே கிடக்கின்றன. உள்ளூர் டிஸ்கிலும் பென் டிரைவிலும் வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வரிசை மாறியிருக்கிறது. கிணற்றுக் கதைக்கு நடுவில் பிறகு சேர்த்த வரிகள் எல்லாம் கடைசியில் இருக்கின்றன. அழித்துவிட்டு மாற்றி எழுதிய வாக்கியங்களும் அழியாமல் இருக்கின்றன.

#19 வெண்ணிலா_க, நள்ளிரவு 2.03

மிக்க மகிழ்ச்சி! வரிசைக்குக் காரணம் இருக்கிறது. க்யூடியின் ஆவணம் நடுவில் எதையும் செருகாது. நீங்கள் எங்கே தட்டினாலும் எழுத்தைப் பெரிய உரையின் வாலில் சேர்த்துவிட்டு, ‘இந்தத் துண்டு இந்த இடத்துக்கு’ என்று வேறொரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அழித்தாலும் குறிப்புதான் போகும், செய்ததைத் திரும்பப் பெறும் (அன்டூ) வசதிக்காக எழுத்து அங்கேயே இருக்கும். அந்த அட்டவணையும் மெமரியில் இருக்கிறது, ஆனால் அதன் அமைப்பைத் தேடிப் பிரித்துப் படிப்பது பெரிய வேலை. உங்கள் நினைவில் இன்னும் சூடாக இருக்கும்போது கையால் வெட்டி ஒட்டுவதே வேகமாக முடியும்.

எடிட்டரை இன்னும் மூடாதீர்கள். வரிசைப்படுத்தி முடித்து, எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகு மூடலாம்.

#20 ஊர்க்குருவி, காலை 7.10

விடிந்ததும் முதலில் இதைத்தான் பார்த்தேன், நிம்மதி. ஒரு கேள்வி: எடிட்டர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் இதெல்லாம் வீண்தானா?

#21 தறி, காலை 8.20

வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பிராசஸ் போனதும் அதன் பக்கங்கள் கர்னலிடம் திரும்பும். வேறு யாராவது கேட்கும்வரை பழைய பைட்கள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ப்ராக் அடைவில் கேகோர் என்ற கோப்பு வழியாக ரூட் பயனர் மொத்த ராமையும் படிக்கலாம். கடுமையாகப் பூட்டிய (லாக்டவுன்) கர்னல் என்றால் விடாது, விடுவித்த பக்கத்தை உடனே பூஜ்யமாக்கும்படி கர்னலை அமைத்திருந்தாலும் ஒன்றும் மிஞ்சாது. அப்படித் தேடும்போது உலாவியைத் திறக்காதீர்கள், பெரிய கோப்பு எதையும் எழுதாதீர்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்தக் காலிப் பக்கங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். சொல்லைக் கொடுத்துத் தேடினால் தேடும் நிரலின் மெமரியிலும் ஷெல் வரலாற்றிலும் அதே சொல் இருக்கும், முதலில் அதுவே பொருந்தி நம்மை ஏமாற்றும். எல்லையைக் கொடுக்கும் ரெஜெக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

ராம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது, துண்டாகத்தான் படிக்க வேண்டும். ஒரு துண்டின் வாலைக் கொஞ்சம் அடுத்த துண்டின் தலையோடு ஒட்டித் தேடுங்கள், இல்லையென்றால் எல்லையில் உட்கார்ந்திருக்கும் வரி இரண்டிலும் பொருந்தாமல் நழுவும். பிராசஸுக்குத் தொடர்ச்சியாகத் தெரிந்த உரை ராமில் 4 கேபி பக்கங்களாகச் சிதறிக் கிடக்கும். ஒரு பக்கத்தில் சுமார் 2,000 எழுத்து. அந்தத் துணுக்குகளை நீங்கள்தான் கோக்க வேண்டும்.

#22 வாவிக்கரை, காலை 9.05

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் அலுவலகத்தில் சிங்கள ஆவணங்களும் கையாளுகிறோம். அதே ரெஜெக்ஸ் அதற்கும் பொருந்துமா?

#23 வெண்ணிலா_க, காலை 9.30

முதல் ஜோடியை மட்டும் மாற்றுங்கள். சிங்களத்தின் இடம் 0டி80 முதல் 0டிஎஃப்எஃப் வரை, அதனால் முதல் பைட் அதே எல்லை, இரண்டாவது 0பி-க்குப் பதில் 0டி. சிங்களக் கூட்டெழுத்துகளுக்கு நடுவில் 200டி என்ற இணைப்பான் அடிக்கடி வரும். அது மெமரியில் 0டி 20, மூன்றாவது ஜோடியிலேயே அடங்கிவிடுகிறது, அதை மாற்ற வேண்டியதில்லை. தொடக்கத்துக்கு ஆறு ஜோடி என்பதை மட்டும் மூன்றாகக் குறையுங்கள், அந்த இணைப்பான் நடுவில் வந்தால் ஆறு தொடர்ச்சியாகக் கிடைக்காமல் போகலாம்.